கதவு தொட்டால்தான் புதன்

ஆலயப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அந்தக் கடைக்கு அகலம் ஆறடி, ஆழம் நாலடி. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். இரண்டு ஆள் உட்கார்ந்தால் சண்டை வரும். ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர். அது எப்படி என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

அந்த ஊரில் யாரும் கடையைப் பங்கு போடுவதில்லை. நாளைப் பங்கு போடுவார்கள். ஆலயத்தைச் சுற்றி இருக்கிற இடம் பல நூறு வருஷமாக அதே இடம்தான். பிள்ளைகுட்டிகள்தான் பெருகிக்கொண்டே போகிறார்கள். செருப்புக் காக்கும் மேடையை நாலு பங்காளிகள் மணிக்கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்று மணிக்குச் செருப்பை விட்டுவிட்டு நாலரைக்குத் திரும்பி வந்து கேட்டால், "அது எங்க சித்தப்பா நேரத்துச் செருப்புங்க, அவர் வீட்டுக்குப் போயிட்டார்" என்று பதில் வரும். தெற்கு வாசலில் படம் விற்கிற அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம் ஆகிறது. இருந்தாலும் சாவி மட்டும் ஒருநாள் தவறாமல் கைமாறுகிறது.

நம் ஆறடிக் கடையில், பெரியவர் போகும்போது மூத்த மகனுக்கு வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாலு நாள் என்று எழுதி வைத்தார். மகளுக்குத் திங்களும் புதனும். கடைசி மகனுக்குச் செவ்வாய். கடைசி மகன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பகல் முழுக்க ஒலிபெருக்கியில் பேசிவிட்டு வருவதால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். ஆகவே அந்தச் செவ்வாய் அவர் மனைவி தலையில் விழுந்தது. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர்: செவ்வாய்க்காரி. நாத்தனார் புதன்காரி. மூத்தவர் வியாழக்காரர். சொந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் அடுத்த கடைக்காரருக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

செவ்வாய் என்பது என்ன நாள் என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் ஆலயத்தைக் கழுவுவார்கள். காலையில் குழாயைத் திறந்தால் மாலை நாலு மணி வரை படியெல்லாம் தண்ணீர், கதவெல்லாம் மூடல். அன்றைக்கு வருகிற பக்தர் ஒன்று நாள் தெரியாமல் வந்தவராக இருப்பார், இல்லை கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவராக இருப்பார். பன்னிரண்டு வருஷமாகச் செவ்வாய்க்காரி, வாரம் தவறாமல், மணிமாலையும் மெழுகுவத்தியும் அடுக்கி வைத்துக்கொண்டு கழிப்பறைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

சும்மா உட்கார முடியாத கை அவளுக்கு. போன வருஷம் தையல் மெஷின் ஒன்று வாங்கினாள். மணிமாலை போட்டு எடுத்துப் போக, மெழுகுவத்தித் துண்டு வைத்துக்கொள்ள, சின்னச் சின்னச் சுருக்குப் பைகள் தைத்தாள். நல்ல பைகள்தான். உள்ளே இரட்டைத் துணி, கயிற்று நுனியில் ஒரு மணி. செவ்வாய்க்கு ரெண்டு விற்கும், ஒன்றும் விற்காமலும் போகும். மிச்சமெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய், அங்கே இடம் போதாமல் கட்டிலுக்கு மேலேயும் ஏறின. ஒருநாள் காலையில் முதுகுக்கடியில் இருந்து நாலு பையை உருவிப் போட்ட புருஷன், அபூர்வமாக வாயைத் திறந்தார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். போகலேன்னா மெஷினைக் கொடுத்துடலாம். அக்கா அப்பவே சொன்னா, யாரு வாங்கப் போறான்னு."

ஏழு மாசமாகப் பேசாதவர் பேசினாரே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. அதுவும் அக்காவைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு.

இதற்கு நடுவில்தான் ரயில் செய்தி வந்தது. இனிமேல் வாரா வாரம் புதன்கிழமை காலை யாத்திரைக்காரர்களுக்கென்றே தனி ரயில். ஒரு வண்டிக்கு ஆயிரம் பேர். எல்லாரும் நேரே ஆலயத்துக்குத்தான் வருவார்கள். முதல் வண்டி வருகிற புதன் என்று அறிவித்ததே அவள் புருஷன்தான், பேருந்து நிலைய ஒலிபெருக்கியில். வீட்டில் சொல்லவில்லை. கறிகாய் வாங்கப் போன இடத்தில் அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். மெழுகுவத்தியை அளவு வாரியாகக் கட்டு கட்டிக்கொண்டிருந்த புதன்காரி, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"என்னம்மா, வழி தெரிஞ்சுதா எங்க வீட்டுக்கு?"

"அண்ணி, ஒரே ஒரு தடவை. இந்தப் புதனை எனக்குக் கொடுங்க. பதிலுக்கு என் செவ்வாயை நாலு வாரம் எடுத்துக்கங்க."

"உன் செவ்வாயை வெச்சு நான் என்ன பண்ண? படி கழுவவா?"

"இந்தப் பைங்க விக்குமா விக்காதான்னு பார்க்கணும், அண்ணி. அவ்வளவுதான். இல்லேன்னா மெஷினே போயிடும்."

"அப்பா எழுதி வெச்ச நாள். நாள்னா நாள்தான். இன்னிக்கு உனக்கு மாத்திக் கொடுத்தா நாளைக்கு அண்ணன் வந்து நிப்பார்." கட்டை முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்தாள். "பையை வேணா எங்கிட்ட கொடு. வித்தா சொல்றேன்."

நாத்தனார் விற்றுவிட்டுச் சொல்வாளா என்பது இருக்கட்டும். விற்காமலே 'யாருமே திரும்பிப் பார்க்கலம்மா' என்று மட்டும் நிச்சயம் சொல்வாள். செவ்வாய்க்காரி எழுந்து வந்தாள்.

இப்போது கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்தக் கதவால் வந்தது. மேலே சுருட்டி ஏற்றுகிற இரும்பு ஷட்டர். பெரியவர் காலத்தில் போட்டது. இரண்டு வருஷமாக அது சாகக் கிடந்தது. ஏற்றினால் முனகும், இறக்கினால் அலறும். ஆனால் யாரும் அதைச் சரிசெய்யவில்லை. காரணம், கடை வரிசையின் சட்டம் அப்படி. யார் நாளில் பழுதாகிறதோ, அவர்தான் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். செலவும் அவருடையது. அடுத்தவர் அதில் கை வைக்கக் கூடாது. எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே செலவு செய்து கதவை மாற்றி, மற்ற இரண்டு பேருக்கும் சொகுசு செய்து கொடுக்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

ஆகவே மூன்று பேருக்கும் ஒரே பிரார்த்தனை: ஆண்டவா, என் நாளில் வேண்டாம், அடுத்தவர் நாளில் போகட்டும். பிரார்த்தனையோடு நிற்காமல் ஆளுக்கொரு வைத்தியமும் செய்தார்கள், மற்றவருக்குத் தெரியாமல். செவ்வாய்க்காரி தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து இரண்டு பக்கத்துச் சட்டத்திலும் விடுவாள். புதன்காரி உடைந்த மெழுகுவத்தியைத் தேய்ப்பாள். வியாழக்காரருக்கு யாரோ சொன்னார்களாம், பவுடர் போட்டால் வழுக்குமென்று. பேரன் முகத்துக்குப் போடுகிற டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்.

இன்னொரு சட்டமும் உண்டு. சாயங்காலம் ஷட்டரை இறக்கி, அது வாசற்படியைத் தொட்டதும் அன்றைய ஆளின் நாள் முடிந்தது. அதற்குப் பிறகுதான் சாவி கைமாறும். இந்தச் சட்டம் செவ்வாய்க்காரிக்கு மறக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கள் சாயங்காலம், நாத்தனார் வேண்டுமென்றே ஷட்டருக்கு அடியில் ஒரு கல்லை வைத்து ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அதிசயமாக ஆலயம் கழுவுவதைத் தள்ளி வைத்திருந்தார்கள், நல்ல கூட்டம். செவ்வாய்க்காரி கூடையோடு வந்து நின்றால், நாத்தனார் உள்ளே உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறாள். "கதவு இன்னும் தொடலையேம்மா, எனக்கு இன்னும் திங்கள்தான்." வரிசைத் தலைவரான நூல்கடைக்காரர் வந்து, கல்லைப் பார்த்து, தாடையைச் சொறிந்து, "தொடலேன்னா முடியலைதான்" என்று தீர்ப்புச் சொன்னார். மத்தியானம் வரை செவ்வாய்க்காரி மழையில் நின்றாள். கூடையில் இருந்த மெழுகுவத்திப் பெட்டியெல்லாம் ஊறிப் போயின.

அப்படியாக, ரயிலுக்கு முந்தின செவ்வாய் வந்தது. வழக்கம்போலத் தண்ணீர், வழக்கம்போல மூன்று பேர் வழி கேட்டார்கள். பைகளைக் கண்ணில் படும்படி கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். படி கழுவுகிற குழாய்க்காரர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மாட்டினார். எதற்கு முகர்ந்தார் என்று கடைசி வரை தெரியவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. நாத்தனார் அடுத்த நாளுக்கான சரக்கோடு முன்னாலேயே வந்து நின்றுவிட்டாள். சாதாரணமாக ஒரு கூடை, அன்றைக்கு நாலு. சுமைக்காரர் ஒருவர் வேறு. செவ்வாய்க்காரி தன் சாமான்களை மூட்டை கட்டினாள், கொக்கிக் கம்பியை மாட்டினாள், இழுத்தாள்.

ஷட்டர் அலறியது. அரைவாசி வந்தது. நின்றது.

மறுபடி இழுத்தாள். அசையவில்லை. மேலே தள்ளினாள். அதற்கும் இல்லை. சுமைக்காரர் தொங்கிப் பார்த்தார். அவர் கால்தான் தரையை விட்டு எழுந்தது. கதவு இடுப்பளவில் அப்படியே நின்றது.

நாத்தனார் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துப் பிரார்த்தனை பலித்த முகம்.

"பார்த்தியாம்மா, உன் நாள்ல நின்னுடுச்சு. சீக்கிரம் ஆளைக் கூப்பிடு. செலவு உன்னுது. காலையில எனக்குக் கடை வேணும்."

செவ்வாய்க்காரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. துக்கத்தில் இல்லை, எரிச்சலில். பன்னிரண்டு வருஷம். வாரத்திலேயே உருப்படாத நாள். அந்த நாளிலும் போய்ப் போய் இதுவா. ஷட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். ஊரில் அவர் ஒருவர்தான், பட்டப்பெயர் 'இதோ'. எப்போது கூப்பிட்டாலும் அவர் சொல்கிற ஒரே வார்த்தை அது.

"இதோ வந்துட்டேங்க," என்றார். பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு."

"சாயங்காலமா?" என்று பதறினாள் நாத்தனார். "சரி, திறந்தது திறந்தபடியே இருக்கட்டும். நான் குனிஞ்சு வியாபாரம் பண்ணிக்கறேன். என் வீட்டுக்காரரை இங்க காவலுக்குப் படுக்கச் சொல்றேன். நீ சாவியைக் கொடு."

செவ்வாய்க்காரி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். நீட்டினாள். பாதி வழியில் கை நின்றது, ஷட்டரைப் போலவே.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "கதவு இன்னும் தொடலையே."

"என்ன?"

"வாசற்படியைத் தொடலேங்கறேன். தொடலேன்னா முடியலைதானே. எனக்கு இன்னும் செவ்வாய்தான்."

நாத்தனார் குனிந்து ஷட்டருக்கும் வாசற்படிக்கும் நடுவே பார்த்தாள். அவள் வைத்த கல்லை அவளே எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. சுமைக்காரர் நாலு கூடையையும் பார்த்துவிட்டு, "அப்ப இதைத் திருப்பித் தூக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

அன்று காவலுக்குப் படுத்தது அறிவிப்பாளர். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்குமே.

புதன் காலை ரயில் வந்தது. ஆயிரம் பேரும் தெருவை அடைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். செவ்வாய்க்காரி பாதிக் கதவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியில் இருந்து பார்த்தால் அவள் கழுத்துக்குக் கீழேதான் தெரியும். பைகளை அதற்குத் தகுந்தபடி தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தாள். இப்படி ஒரு அரைக்கடையில் எவன் வந்து வாங்குவான் என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

முதலில் ஒரு அம்மாள் குனிந்து எட்டிப் பார்த்தார். கீழே மணி வைத்த பைகள் வரிசையாகத் தொங்குகிற அழகைப் பார்த்து அப்படியே கைகூப்பினார். அவர் பின்னால் வந்தவர், முன்னால் போனவர் குனிந்து கும்பிடுவதைப் பார்த்துத் தானும் குனிந்து கும்பிட்டார். புது ஊரில் முன்னால் போகிறவர் செய்வதைத்தானே பின்னால் வருகிறவர் செய்வார். பத்து நிமிஷத்தில் அங்கே வரிசை உண்டாகிவிட்டது. 'இங்க குனிஞ்சுதான் வாங்கணுமாம்' என்று வரிசையின் வாலில் யாரோ யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஷட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையில் எண்ணெய், மெழுகு, பவுடர் மூன்றும் ஒட்டியது. புனிதப் பொருள் என்று நெற்றியில் பூசிக்கொண்டு போனார்.

பைகள் போய்க்கொண்டிருந்தன. கட்டிலுக்கு மேலே இருந்தவை பத்து மணிக்குத் தீர்ந்தன. வேலைக்கு லீவு போட்டிருந்த புருஷனை அனுப்பிக் கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் எடுத்து வரச் சொன்னாள்.

பதினொரு மணிக்கு நாத்தனார் வந்தாள். ஒரு கையில் மெக்கானிக்கின் சட்டைக் காலர். மனுஷனை எந்த வீட்டுக் கதவில் இருந்து பிய்த்து வந்தாளோ, ஒரு கையில் திருப்புளியோடு நின்றார். பின்னால் நூல்கடைக்காரரும் வந்தார்.

"இதோ, வந்துட்டார்ல? சரி பண்ணச் சொல்லு," என்றாள்.

"அண்ணி, என் நாள்ல என் கதவுக்கு ஆளைக் கூட்டிட்டு வர நீங்க யாரு?" ஒரு பையைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள் செவ்வாய்க்காரி. "நான் கூப்பிட்டிருக்கேன். ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"இப்பவே வந்திருக்காரேடி."

"இருபது வருஷமா ஒரு இடத்துக்கு நேரத்தோட போகாத மனுஷன், முன்கூட்டியே வந்து அவர் பேரைக் கெடுத்துக்க வேணாம். ஆறு மணிக்கே வரட்டும்."

மெக்கானிக் நன்றியோடு பார்த்தார். நூல்கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். அவர் கடை முன்னால் ஒருவரும் இல்லை. இங்கே வரிசை தெருமுனை வரை நிற்கிறது. "நாளுக்குரியவங்கதான் கதவைத் தொடணும்," என்றார் எரிச்சலாக. "இதுல நான் என்ன சொல்ல? அன்னிக்குக் கல்லுக்குச் சொன்னதுதான் இன்னிக்கும்." போகும்போது திரும்பி, "அந்தப் பை இருந்தா எங்க வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வை" என்றும் சொன்னார்.

அன்று முழுக்க நாத்தனார் எதிர்ப்பக்கத்துப் படியில் நாலு கூடைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் புதன், கண்ணெதிரே வேறொருத்தியின் செவ்வாயாக நடந்துகொண்டிருந்தது. இடையிடையே எழுந்து வருவாள், "வெட்கமா இல்ல?" என்பாள், போய் உட்காருவாள். மூன்றாவது தடவை வந்தபோது செவ்வாய்க்காரி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி, "வெட்கமா இல்ல?" என்றாள்.

மெக்கானிக் ஏழரைக்கு வந்தார். சட்டத்தைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எண்ணெய் ஒரு ஆள், மெழுகு ஒரு ஆள், பவுடர் ஒரு ஆள். மூணும் சேர்ந்து களிம்பா இறுகிப் போச்சு. ஒண்ணை மட்டும் போட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். யாருங்க இதையெல்லாம் போட்டது?"

அதற்குள் வியாழக்காரரும் சாவி வாங்க வந்திருந்தார். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தார்கள். வியாழக்காரர் பவுடர் டப்பாவைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

சுரண்டித் துடைத்து இழுத்ததும் ஷட்டர் ஓசையே இல்லாமல் இறங்கி வாசற்படியைத் தொட்டது. கூலியைச் செவ்வாய்க்காரி முணுமுணுக்காமல் கொடுத்தாள். கடையில் ஒரு பைகூட மிச்சமில்லை. சாவியை நீட்டினாள். இரண்டு கைகள் வந்தன.

"நாளைக்கு வியாழன்," என்றார் மூத்தவர். "எங்கிட்ட கொடும்மா."

"எப்படிண்ணே வியாழன்?" நாத்தனார் குரல் ஏறியது. "செவ்வாய் இப்பத்தானே முடிஞ்சது. எல்லாரும் பார்த்தீங்க. செவ்வாய்க்கு அப்புறம் என்ன?"

"காலண்டரைப் பாரு."

"காலண்டர் பார்த்தா இவ இன்னிக்கு உக்கார்ந்தா? அப்பா எனக்கு எழுதி வெச்ச நாளை யாரும் முழுங்க முடியாது. செவ்வாய், அப்புறம் புதன். வரிசை தாண்டக் கூடாது. நூல்கடையாரே, நீங்களே சொல்லுங்க."

நூல்கடைக்காரருக்கு வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. "அவங்க சொல்றது சரி," என்றார். "சாவி எந்த வரிசையில போகுதோ அதுதான் கடைக்குக் கிழமை. காலண்டர் வீட்டுச் சுவருக்கு. நாளைக்குப் புதன், நாளன்னிக்கு வியாழன், இனிமே இப்படியே போகட்டும். இதுக்கு மேல என்னைக் கூப்பிடாதீங்க."

மூத்தவர் விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. வியாழன் போய்த் திங்கள் வருகிறது. நாலுக்கு நாலு சரியாக வந்தது. போய்விட்டார். நாத்தனார் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நாளைக் கூட்டம் தனக்கு என்பதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்காரியும் எண்ணினாள், வீட்டுக்குப் போகிற வழியில். தெருவிளக்கின் கீழே ஒரு நிமிஷம் நின்று மறுபடி எண்ணினாள். அப்புறம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தத் தெருவில் ஒருத்தி ஒரு விஷயத்தை ஆறு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அவள் வைத்திருந்தாள். ஆறு நாளும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. புருஷன், "இந்தச் சத்தத்துல மனுஷன் தூங்கறதா வேணாமா" என்று கேட்டார். இரண்டாவது தடவையாகப் பேசுகிறார். மெஷினை விற்கிற பேச்சு மட்டும் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவள் நூல் வாங்கக் கடைத்தெருப் பக்கம் போனாள். படியெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆலயக் கதவு மூடியிருந்தது. ஆறடிக் கடையில் நாத்தனார் புடவையைத் தூக்கிச் செருகி, காலை முக்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் அவளிடம் என்னவோ கேட்க, அவள் வேண்டாவெறுப்பாகத் தெற்குப் பக்கம் கையைக் காட்டினாள்.

செவ்வாய்க்காரியைக் கண்டதும், "நில்லு," என்றாள். "நாளைக்கு ரயில் வருதே, நாளைக்கு யார் நாள்?"

"என்னுது, அண்ணி. செவ்வாய்."

"அப்ப இன்னிக்கு?"

"உங்க திங்கள்," என்றாள் அவள். "தண்ணி நாலு மணிக்கு நிக்கும். கூடையை மேல தூக்கி வைங்க, மெழுகுவத்திப் பெட்டி ஊறிடும்."

நூல் வாங்கிக்கொண்டு வந்தபோதும் நாத்தனார் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.